அடுத்த வீட்டு உறைமோர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு. பகலில் நாலைந்து விருந்தாளிகள் வந்துபோனதில் வீட்டில் தயிர் அடியோடு தீர்ந்துவிட்டது. என் மனைவி பாலைக் காய்ச்சி ஆறவைத்துவிட்டாள். ஆனால் உறை ஊற்ற ஒரு கரண்டி மோர்கூட மிச்சம் இல்லை. "அடுத்த வீட்டு அக்காவிடம் கொஞ்சம் உறைமோர் வாங்கி வாப்பா" என்று ஒரு கிண்ணத்தை என் தங்கை மகன் கையில் கொடுத்து அனுப்பினாள்.

தங்கை மகன் என்றதும் அரைக்கால் சட்டை போட்ட பையன் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பத்திரண்டு வயது ஆகிறது. சின்னச் சின்ன யந்திரங்களின் வயிற்றுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்களுக்குப் புரோகிராம் எழுதுகிற உத்தியோகம். ஒரு மாதமாகத் தூக்கம் கெட்டு, கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, இரண்டு நாள் ஓய்வுக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். கிண்ணத்தோடு திரும்பி வந்தவன் தனக்குத் தானே சிரித்துக்கொண்டான்.

"என்னடா சிரிப்பு?" என்றேன்.

"ஒன்றும் இல்லை, மாமா. போன மாதம் பூராவும் எங்கள் ஆபீஸில் நாங்கள் அலைந்ததும் இந்த மாதிரி ஒரு கிண்ணம் உறைமோருக்காகத்தான்" என்றான்.

கதை எழுதுகிறவனிடம் இப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு யாரும் தூங்கப் போய்விட முடியாது. உட்காரவைத்து விசாரித்தேன்.

அவனுடைய கம்பெனி கிணற்று மோட்டார்களுக்கு ஒரு பெட்டி செய்கிறது. வீட்டில் இருந்தபடியே மோட்டாரைப் போடலாம், நிறுத்தலாம். பெட்டிக்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர். மனிதன் எழுதுகிற புரோகிராமை யந்திரத்தின் பாஷைக்கு மாற்றுவதற்குக் கம்பைலர் என்று ஒன்று உண்டு. அதுவும் ஒரு புரோகிராம்தான், ஆனால் பெருந்தீனிக்காரன். அந்தத் தீப்பெட்டிக்குள் அதற்கு உட்கார இடம் கிடையாது. ஆகையால் மேஜைமேல் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் கம்பைலரை ஓட்டி, சின்ன யந்திரத்தின் பாஷையில் புரோகிராமைத் தயாரித்து, பிறகு பெட்டிக்குள் ஏற்றுகிறார்கள். ஒற்றை அறையில் அடுப்பு மூட்ட இடம் இல்லாதவருக்குப் பெரிய வீட்டில் சமைத்து அடுக்குக் காரியரில் அனுப்புகிற மாதிரி. இப்படி ஒரு யந்திரத்தில் உட்கார்ந்து இன்னொரு யந்திரத்துக்குச் சமைக்கும் கம்பைலருக்குக் கிராஸ் கம்பைலர் என்று பெயர்.

கம்பைலர் தனியாக வராது. துண்டு துண்டாக இருப்பதை ஒன்றாக இணைக்கும் லிங்கர், எல்லாப் புரோகிராம்களும் இரவல் வாங்கும் பொது வேலைகள் அடங்கிய சி லைப்ரரி என்று ஒரு பரிவாரமே உண்டு. மொத்தத்துக்கும் டூல்செயின் என்று பெயர்; கருவிகளின் சங்கிலி. இந்தச் சங்கிலியை மூலத்திலிருந்து நாமே ஒவ்வொரு வளையமாக அடித்துச் செய்துகொள்ளலாம். இல்லையென்றால், வேறு ஒருவர் செய்து தயாராக வைத்திருப்பதை வாங்கி வந்து உபயோகிக்கலாம். முதலாவதற்கு நாள் கணக்கு ஆகும். இரண்டாவதற்குப் பத்து நிமிஷம். எதைச் செய்வார்கள் என்று நான் சொல்லவும் வேண்டுமா?

ஆறு வருஷங்களுக்கு முன் அவன் கம்பெனியிலும் தயாராக இருந்த ஒன்றைத்தான் வாங்கி உபயோகித்தார்கள். பெட்டிகள் கிணற்றடிகளுக்குப் போய்விட்டன. போன மாதம் அந்தப் புரோகிராமில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது தெரிந்தது. யாரோ ஊர் பேர் தெரியாதவன் நடுராத்திரியில் ஊரில் உள்ள மோட்டாரை எல்லாம் ஓடவிட்டு வேடிக்கை பார்க்கலாம் என்கிற அளவுக்கு ஓட்டை. அடைப்பது அரை மணி வேலை. அடைத்து, இன்றைய டூல்செயினில் கொடுத்துப் புதுப் புரோகிராம் தயாரித்துப் பெட்டியில் ஏற்றினான். பெட்டி ஓட மறுத்துவிட்டது. புதிய சங்கிலியில் செய்த புரோகிராம் புதிய சி லைப்ரரியைத் தேடுகிறது. கிணற்றடியில் இருப்பதோ ஆறு வருஷத்துப் பழைய லைப்ரரி. அதே பழைய சங்கிலி கிடைத்தால்தான் காரியம் நடக்கும். அது எது, என்ன நம்பர் என்று எங்கும் குறித்து வைக்கவில்லை. அதைக் கொடுத்து வந்த இடத்திலும் இப்போது அது இல்லை.

மூன்று வாரம் தேடினார்கள். கடைசியில், வேலையை விட்டுப் போய்விட்ட பழைய இன்ஜினியர் ஒருவர் வீட்டுப் பரணில், பழம் புத்தகங்களுக்கு அடியில் கிடந்த ஒரு பழைய லாப்டாப்பில் அது அகப்பட்டது.

"அப்பாடா, பிழைத்தீர்கள்" என்றேன்.

"பிழைத்தோம், மாமா. ஆனால் ஒரு விஷயம் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. அந்தச் சங்கிலியை யாரோ செய்தார்கள், நாங்கள் எடுத்துக்கொண்டோம். அதற்குள் என்ன இருக்கிறது என்று எங்களில் ஒருவரும் பார்த்தது இல்லை. பார்க்கவும் முடியாது. ஊர் மோட்டார் எல்லாம் அதை நம்பித்தான் ஓடுகிறது."

இந்தக் கேள்வி என்னையும் அரிக்க ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கணக்கு வராது. ஆனால் சரித்திரம் என்றால் பைத்தியம். மனிதர்கள் எப்பொழுதிலிருந்து அடுத்த வீட்டு உறைமோரை நம்ப ஆரம்பித்தார்கள் என்று தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

ஆரம்ப காலத்தில் அவரவர் வீட்டு மோர்தான். சந்திரனுக்குப் போன அப்பல்லோ விண்கலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வழிகாட்டிய கம்ப்யூட்டரின் நிலையான நினைவகம் மொத்தம் 36,864 சொற்கள் கொண்டது. அதிலேயே உட்கார்ந்து அதற்கான புரோகிராமைத் தயாரிப்பது நடக்கிற காரியமா? அமெரிக்காவில் கேம்பிரிட்ஜ் நகரில், எம்.ஐ.டி.யின் கருவியியல் ஆராய்ச்சிசாலையில் ஹனிவெல் கம்பெனியின் பெரிய கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அதில்தான் தயாரித்தார்கள். அதற்கு உதவிய கருவியின் பெயர் 'யூல்'. அதை எழுதியவர் ஹ்யூ பிளேர்-ஸ்மித். அதே ஆராய்ச்சிசாலையில் வேலை பார்த்தவர்; சந்தேகம் வந்தால் நேரே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

தயாரான புரோகிராம் அங்கிருந்து போன விதம் இன்னும் விசேஷமானது. வால்தம் என்ற ஊரில், ராய்தியான் கம்பெனியின் தொழிற்சாலையில், பெண்கள் வரிசையாக உட்கார்ந்து அதைக் கம்பியால் நெய்தார்கள். கம்பி காந்த வளையத்துக்கு உள்ளே நுழைந்தால் 1. வெளியே விலகிப் போனால் 0. ஒரு தறிக்காரன் ஜரிகை போடுவது போல அவர்கள் சந்திர மண்டலத்துக்கு வழியை நெய்தார்கள். நெய்த பிறகு மாற்ற முடியாது. 1969 ஜூலையில் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கியது அந்த நெசவை நம்பித்தான். ஆனால் கருவியை எழுதியவர் யார், நெய்த கை எந்த ஊர்க் கை என்பது கேட்டால் தெரியக்கூடிய விஷயமாக இருந்தது.

அதே 1969-ஆம் வருஷம், நியூ ஜெர்ஸியில் உள்ள பெல் ஆராய்ச்சிசாலையில் கென் தாம்ஸன் என்ற இளைஞர், யாரும் அதிகமாகச் சீண்டாத பி.டி.பி.-7 என்ற சிறு யந்திரத்தில் தமக்கென்று ஓர் ஏற்பாட்டைச் செய்துகொள்ள முயன்றார். பிற்பாடு உலகெங்கும் பரவிய யூனிக்ஸ் அதுதான். தொடக்கத்தில் அந்தச் சிறு யந்திரத்தில் அடுப்பே இல்லை. ஜி.ஈ.-635 என்ற பெரிய யந்திரத்தில் புரோகிராமைத் தயாரித்து, துளையிட்ட காகித நாடாவில் எடுத்து, அந்த நாடாவைக் கொண்டுபோய் பி.டி.பி.-7க்கு ஊட்டினார்கள். கொஞ்ச காலம் இந்த எடுப்புச் சாப்பாடு நடந்தது. பிறகு சிறு யந்திரத்துக்குள்ளேயே புரோகிராம் தயாரிக்கும் கருவியும் வந்து சேர்ந்தது. அன்றோடு நாடா சுமப்பது நின்றது, தனிக்குடித்தனம் ஆரம்பமாயிற்று. இந்தத் தாம்ஸனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் திரும்பவும் வருவார்.

1975-ல் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்துக்கொண்டிருந்த பில் கேட்ஸும் அவர் நண்பர் பால் ஆலனும் செய்தது இதைவிடத் துணிச்சலான காரியம். ஆல்ட்டேர் என்ற சிறு கம்ப்யூட்டருக்கு பேஸிக் பாஷையைச் செய்து கொடுப்பதாக வாக்குக் கொடுத்தார்கள். அந்த யந்திரத்தை இருவரும் கண்ணால் பார்த்தது இல்லை! ஹார்வர்டில் இருந்த பெரிய பி.டி.பி.-10 யந்திரத்தை, ஆல்ட்டேரின் மூளையைப் போல நடிக்கச் செய்யும் ஒரு புரோகிராமைப் பால் ஆலன் எழுதினார். அந்த நாடகத்தை நம்பி பேஸிக்கை எழுதி முடித்தார்கள். ஆலன் அதை நாடாவில் எடுத்துக்கொண்டு அல்புகர்க்கி நகருக்கு ஆகாய விமானத்தில் போனார். நாடாவை ஏற்றுவதற்கான சிறு புரோகிராமை எழுத மறந்துவிட்டது விமானத்தில்தான் ஞாபகம் வந்ததாம், அங்கேயே எழுதினார். யந்திரத்தில் ஏற்றி, இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்டார்கள். நாலு என்றது. அந்த நாலில்தான் ஒரு பெரிய சாம்ராஜ்யம் பிறந்தது.

இந்த மூன்று கதைகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. சமைத்தவர்கள் அடுப்பையும் தாங்களே, அல்லது தங்கள் கூட்டத்தாரே, செய்துகொண்டார்கள். அந்தக் காலம் நீடிக்கவில்லை. தொலைபேசி, பிரிண்டர், கார், சலவை யந்திரம் என்று எல்லாவற்றுக்குள்ளும் கம்ப்யூட்டர் புகுந்தது. மூளைச் சில்லுகள் வகைவகையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சங்கிலி வேண்டும். ஒவ்வொரு கம்பெனியும் சொந்தமாகச் செய்வது என்றால் கட்டுமா?

1983-ல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்பவர், எல்லோரும் சுதந்தரமாகப் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய புரோகிராம்களைச் செய்யப் போவதாக அறிவித்தார். அந்த இயக்கத்துக்கு க்னூ என்று பெயர். 1987-ல் அவருடைய சி கம்பைலர் வெளிவந்தது. அதன் சாமர்த்தியம், புதுச் சில்லு ஒன்று வந்தால் அதன் இலக்கணத்தை எழுதிக் கொடுத்தால் போதும், அதற்கும் சமைக்கும் என்பது. 1989-ல் மைக்கேல் டீமன், ஜான் கில்மோர், டேவிட் ஹென்கல்-வாலஸ் என்ற மூவர் சிக்னஸ் என்ற கம்பெனியை ஆரம்பித்தார்கள். இனாமாகக் கிடைக்கிற கம்பைலரை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன சம்பாதிக்கப் போகிறார்கள் என்று கேட்கத் தோன்றும். ஆனால் சில்லுக் கம்பெனிகள் தங்கள் சில்லுக்குச் சங்கிலியைப் பொருத்தித் தரச் சொல்லிப் பணத்தோடு வந்தன. பொருள் இனாம்தான்; பக்குவத்துக்குத்தான் காசு.

அந்தப் பக்குவம் லேசானது அல்ல. புதுச் சில்லுக்கு முழுக் கம்பைலர் வேண்டும் என்றால் அந்தச் சில்லுக்கான சி லைப்ரரி முதலில் வேண்டும். அந்த லைப்ரரியைச் செய்ய அந்தச் சில்லுக்கான கம்பைலர் வேண்டும். கல்யாணம் ஆனால் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால் கல்யாணம் ஆகும் என்கிற கதைதான். ஆகவே அரைகுறையாக ஒரு கம்பைலரைச் செய்து, அதை வைத்து லைப்ரரியைச் செய்து, அதை வைத்து முழுக் கம்பைலரை மறுபடி செய்வார்கள். ஒரு யந்திரத்தில் உட்கார்ந்து, இரண்டாவது யந்திரத்தில் ஓடுகிற, மூன்றாவது யந்திரத்துக்குச் சமைக்கிற கம்பைலரைச் செய்கிற கூத்தும் உண்டு. அதற்குக் 'கனடா முறை' என்று பெயர். அப்போது கனடாவில் மூன்று தேசியக் கட்சிகள் இருந்ததனால் வைத்த பெயர் என்று சொல்கிறார்கள். தலைவலியிலும் ஹாஸ்யத்தை விடாத ஆசாமிகள்!

கம்பைலரிலும் லைப்ரரியிலும் எந்தப் பதிப்பு எதனோடு ஒத்துப்போகும் என்பது ஜாதகப் பொருத்தத்தை விட மோசமான சமாசாரம். டான் கெகல் என்பவர் இந்தச் சங்கடத்தை எல்லாம் ஒரே புரோகிராமில் அடக்கிக் 'கிராஸ்டூல்' என்று வெளியிட்டார்; யான் மோரான் என்பவர் அதைத் தொடர்ந்து வேறொன்று செய்தார். இதுகூட வேண்டாம், செய்து முடித்ததையே கொடுங்கள் என்றவர்கள்தான் அதிகம். கோட்சோர்சரி என்ற கம்பெனி கொடுத்தது. 2010-ல் ஆரம்பித்த லினாரோ கொடுத்தது. பிறகு சில்லை வடிவமைக்கும் ஆர்ம் கம்பெனியே கொடுக்க ஆரம்பித்தது. இப்படியாக, தெருவில் ஒரு வீட்டில் உறைமோர் இருந்தால் தெரு முழுவதும் தயிர் தோயலாம் என்ற நிலை ஏற்பட்டது. லட்சக்கணக்கான மணி நேரங்கள் மிச்சமாயின. இதை நான் குறைவாக மதிக்கவில்லை.

இப்போது தாம்ஸனுக்கு வருவோம். காகித நாடா சுமந்த அந்த இளைஞருக்கும் அவர் சகா டென்னிஸ் ரிச்சிக்கும் 1983-ஆம் வருஷத்து ட்யூரிங் பரிசு கிடைத்தது. பரிசை ஒட்டித் தாம்ஸன் செய்த பிரசங்கம் 1984-ல் அச்சில் வந்தது. நாலு பக்கத்துக்குள் அடங்கும் பிரசங்கம். அதைப் படித்தவர்கள் வயிற்றில் இன்றுவரை புளியைக் கரைக்கிறது.

அவர் சொன்னதன் சாராம்சம் இது. ஒருவன் கம்பைலருக்குள் ஒரு திருட்டு வேலையை நுழைக்கிறான். யந்திரத்துக்குள் ஆளை அனுமதிக்கும் வாயிற்காவலன் போன்ற புரோகிராம் ஒன்று உண்டு. அதைச் சமைக்கும்போதெல்லாம் அந்தக் கம்பைலர் தன் எஜமானனுக்கு ஒரு கள்ளக் கதவைச் சேர்த்து வைத்துவிடும். சரி, கம்பைலரின் மூலத்தைப் படித்துப் பார்த்தால் திருட்டுத் தெரிந்துவிடாதா? அங்கேதான் சூட்சுமம். கம்பைலரையும் இன்னொரு கம்பைலரால்தான் செய்ய வேண்டும். திருட்டுக் கம்பைலர், தன் இனத்தையே சமைக்கும்போது, திருட்டையும் சேர்த்துச் சமைத்துவிடும். பிறகு மூலத்திலிருந்து திருட்டை அழித்துவிடலாம். மூலம் பளிச்சென்று சுத்தமாக இருக்கும். பிறக்கிற குழந்தை மட்டும் திருடனாகப் பிறக்கும்.

இதைப் படித்ததும் எனக்கு எங்கள் பாட்டி ஞாபகம் வந்தது. ஒரு சமயம் எங்கள் வீட்டுத் தயிர் தினமும் கொழகொழவென்று நூல் விட ஆரம்பித்தது. பால்காரனைத் திட்டினார்கள், பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்தார்கள். பாட்டிதான் சொன்னாள்: "பாலிலே ஒன்றும் இல்லை. உறையிலே இருக்கிறது. இன்றைக்கு வைத்த உறை நாளைக்குத் தயிர். நாளைத் தயிர் மறுநாள் உறை." தாம்ஸன் ட்யூரிங் பரிசு வாங்கிச் சொன்னதைப் பாட்டி அடுப்பங்கரையிலேயே சொல்லிவிட்டாள்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை என்பது 2015 செப்டம்பரில் தெரிந்தது. ஐபோனுக்கான புரோகிராம்களை ஐபோனில் செய்வதில்லை. மேக் கம்ப்யூட்டரில், எக்ஸ்கோடு என்ற சங்கிலியை வைத்துச் செய்கிறார்கள். ஆப்பிள் கம்பெனி அதை இனாமாகவே கொடுக்கிறது. ஆனால் ராட்சசப் பொதி. அப்போது சீனாவுக்கு அது வந்து சேர வெகுநேரம் பிடித்தது. உள்நாட்டிலேயே ஒரு சேமிப்பிடத்தில் யாரோ அதன் பிரதியைப் போட்டு வைத்திருந்தார்கள். அவசரக்காரர்கள் பலர் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பிரதிக்குள் விஷம் இருந்தது. அதை வைத்துச் செய்த நல்ல நல்ல புரோகிராம்களுக்குள் அவற்றைச் செய்தவர்களுக்கே தெரியாமல் வேவு பார்க்கும் துண்டு ஒன்று போய் உட்கார்ந்துவிட்டது. கோடிக்கணக்கானவர் உபயோகித்த வீசாட்டின் ஒரு பதிப்பும் அதில் சேர்த்தி. ஆப்பிள் கம்பெனி அவற்றைத் தன் கடையிலிருந்து நீக்கியது. அந்த இன்ஜினியர்கள் எழுதிய ஒரு வரியிலும் குற்றம் இல்லை. உறையை எங்கே வாங்கினார்கள் என்பதில்தான் குற்றம்.

அப்படியானால் அடுத்த வீட்டுப் படியே ஏறக்கூடாதா? அறிவாளிகள் சும்மா இருக்கவில்லை. டேவிட் வீலர் என்பவர் 2005-லும், விரிவாக 2009-லும் ஒரு பரிகாரம் சொன்னார். சந்தேகத்துக்கு உரிய கம்பைலரின் மூலத்தை, அதற்குச் சம்பந்தமே இல்லாத வேறு கம்பைலரால் ஒரு முறை செய். அப்படி வந்ததை வைத்து இன்னொரு முறை செய். கடைசியில் வருவது பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா பார். தயிரில் முடியாத பரீட்சை, இதில் முடியும். 2013 முதல் டெபியன் கூட்டத்தார் வேறொரு வழியில் முயன்றார்கள். ஒரே மூலத்திலிருந்து யார், எங்கே செய்தாலும் அச்சு அசலாக ஒன்றே வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள். அப்படி வந்தால், தயாராகக் கிடைப்பதை யார் வேண்டுமானாலும் தாமே செய்து ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா?

எனக்கு மிகவும் பிடித்தது கிக்ஸ் என்ற கூட்டத்தார் 2023-ல் முடித்த காரியம். எந்தக் கம்பைலரையும் இரவல் வாங்காமல், 357 பைட் அளவுள்ள ஒரு குட்டிப் புரோகிராமில் ஆரம்பித்தார்கள். மனிதன் ஒவ்வொரு பைட்டாகப் படித்துப் பார்க்கக்கூடிய அளவு. இந்தப் பாராவைவிடச் சிறியது. அதை வைத்துக் கொஞ்சம் பெரியது, அதை வைத்து இன்னும் பெரியது என்று ஏறி, முழுக் கம்பைலர் வரை வந்துவிட்டார்கள். அதை எல்லாம் ஓட்டி நடத்த வேறு சில தயார்ப் புரோகிராம்கள் இன்னும் வேண்டியிருக்கின்றன. ஆகவே சந்தேகம் பூண்டோடு ஒழிந்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் இதைப் படித்துவிட்டு மனைவியிடம் சொன்னேன். அவள் அசரவில்லை. "உறையே கிடைக்காவிட்டால் வெதுவெதுப்பான பாலில் நாலு மிளகாய்க் காம்பைப் போட்டு வைப்போம். முதல் நாள் தயிர் சுமாராகத்தான் இருக்கும். அதை உறையாக வைத்தால் மறுநாள் தேவலை" என்றாள். 357 பைட் என்பது அந்த மிளகாய்க் காம்புதான்.

என் அபிப்பிராயத்தைத் தங்கை மகனிடம் சொன்னேன். "இரவல் வாங்குவதில் வெட்கம் இல்லை, தம்பி. நான் எழுதுகிற பேனாவை நான் செய்யவில்லை. காகிதத்தை நான் செய்யவில்லை. பாஷைகூட எனக்கு முன்னால் இருந்தவர்கள் தோய்த்து வைத்ததுதான். நீ ஒருவனே மூலத்திலிருந்து எல்லாம் செய்கிறேன் என்று உட்கார்ந்தால், கிணற்று மோட்டார் ஓடுவதற்குள் பயிர் காய்ந்துவிடும். ஆனால் யாரிடம் வாங்கினோம் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?"

"அதைத்தான் இப்போது செய்திருக்கிறோம்" என்றான். தயாரித்தவர் பெயர், பதிப்பு எண் எல்லாம் புரோகிராமோடு சேர்த்து எழுதி வைத்துவிட்டார்களாம். சங்கிலியின் பிரதி ஒன்றைத் தங்கள் பெட்டகத்திலேயே பத்திரப்படுத்தியிருக்கிறார்களாம். கைரேகை மாதிரி அதற்கு 64 எழுத்தில் ஓர் அடையாளம் கணக்கிட்டு, தயாரித்தவர்கள் வெளியிட்டிருந்த அடையாளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. தயாரித்தவரே கை வைத்திருந்தால்? அதற்கு அது சாட்சி சொல்லாது. அங்கே மட்டும் இன்னும் மனிதனை மனிதன் நம்பித்தான் ஆகவேண்டியிருக்கிறது. "அந்த ஒரு இடத்தை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை, மாமா" என்றான். எனக்கும் பதில் தெரியவில்லை.

மறுநாள் காலையில் தயிர் கத்தியால் வெட்டி எடுக்கிற மாதிரி தோய்ந்திருந்தது. என் மனைவி பரிமாறுவதற்கு முன்னால் ஒரு கரண்டியைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துத் தனியாக மூடி வைத்தாள். நான் வாசலுக்குப் போனேன். அடுத்த வீட்டு அம்மாள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்.

"உங்கள் வீட்டு உறை பிரமாதம். எங்கே வாங்கியது?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "என்ன இப்படிக் கேட்கிறீர்கள்? போன மாதம் உங்கள் வீட்டில் வாங்கினதுதானே!"